நான் அடித்த ஒரு சொல்

மார்ச் 4, செவ்வாய்

மேலே சுற்றுகிற மின்விசிறி காலையிலிருந்து கடகடவென்கிறது. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

எங்கள் ஆங்கிலப் பேப்பரின் ஞாயிறு இணைப்பில் வாசகர் பக்கத்தை இன்றே முடித்துவிட்டேன். ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ பகுதிக்குப் பதினோரு கடிதங்கள். எல்லாரும் அப்பாவைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோதான் எழுதுகிறார்கள். ஒன்று மட்டும் வேறு. பஸ் டிரைவர் ஒருவரின் மனைவி தன் கணவரைப் பற்றிக் கையால் எழுதிய மூன்று பக்கம். நல்ல ஆங்கிலம், ஆனால் நீளம். விடியும் முன் கிளம்புகிறார், ஒரு ஷிப்ட் முடிந்தால் இன்னொரு ஷிப்ட், வார விடுமுறை கிடையாது என்று ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறாள். மூன்று பக்கத்தை ஒன்றாக்கினேன். கடைசி வரியில் ஒரு பிழை. இந்த ஊரிலேயே ‘டயர்டெஸ்ட்’ மனிதர் என் கணவர் என்று முடித்திருக்கிறாள். பிக், பிக்கர், பிக்கெஸ்ட் மாதிரி டயர்டுக்கும் ஒரு ‘எஸ்ட்’! அப்படி ஒரு சொல் ஏது? ‘டயர்லெஸ்’ என்று, களைப்பே அறியாதவர் என்று எழுத வந்திருப்பாள், கை வழுக்கியிருக்கும். திருத்தினேன். அதையே தலைப்பாகவும் வைத்தேன்.

பக்கம் வடிவமைப்பவர் சொன்னார்: “கத்தரி அக்கா கை வெச்சா எதுவும் உருப்படியா ஆயிடும்.” ஆபீஸில் எனக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கம் அழகாக வந்திருக்கிறது. ஆசிரியரே போன் செய்து சொன்னார்.

மார்ச் 12, புதன்

அந்த டிரைவரின் மனைவி போன் செய்தாள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

“மேடம், நான் அப்படி எழுதலையே” என்றாள்.

“ஒரு சின்னப் பிழை இருந்துச்சு, திருத்தியிருக்கோம்” என்றேன்.

“பிழை இல்ல மேடம். நான் எழுதினது...”

“இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தை இல்லைங்க. வேணும்னா ‘மோஸ்ட் டயர்ட்’னு எழுதலாம். ஆனா வாசிக்க நல்லா இருக்காது.”

பிறகு டெப்போவில் அதை ஒட்டியிருக்கிறார்கள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நல்லதுதானே. முதல் பக்கம் காத்திருந்தது. “ரொம்ப சந்தோஷம், வெச்சிடட்டுமா?” என்று வைத்துவிட்டேன்.

பாராட்டுவதற்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறோம், அதற்கும் குறை.

ஏப்ரல் 3, வியாழன்

விடியற்காலை 5.40-க்கு ஒரு பஸ் சாலையை விட்டு விலகி, பூட்டிக் கிடந்த பாத்திரக் கடையின் ஷட்டரில் மோதி நின்றிருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. டிரைவருக்கு இடுப்பெலும்பு முறிவு. பஸ்ஸில் இருந்த ஒரே பயணி, வேலைக்குப் போகிற ஒரு அம்மா, அவருக்குக் கை ஒடிந்து முன்பற்கள் போய்விட்டன. நிருபர் தந்த செய்தியில் நாலு இடம் திருத்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

அவர்தான்.

இன்றைய பேப்பரை விரித்து என் கைபட்ட செய்தியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தபோதுதான் டிரைவரின் பெயர் கண்ணில் உறைத்தது. பழைய இணைப்பை எடுத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே ரூட். நேற்று அந்தப் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்து டிக் அடித்தது நான்.

தற்செயல். பஸ் மோதுவதற்கும் வாசகர் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

“சாப்பிடாம என்ன யோசனை?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். பள்ளிக்கூட லேபில் அமிலமும் காரமும் கழுவியே தலை நரைத்த மனுஷன். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

“டயர்லெஸ்னா டயர் இல்லாததா?”

“களைப்பே இல்லாதவர்னு அர்த்தம்.”

“அப்ப அந்தம்மா எழுதினது?”

“இருக்கிறதுலயே களைச்சுப் போனவர்னு...”

இவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “அது நேர் எதிரால்ல இருக்கு?”

ஆமாம். நேர் எதிர்தான். தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் ஒரு மாதமாக அது எனக்கு ஒரு எழுத்துப் பிழையாகவே இருந்தது. அர்த்தமாகத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மூலப் பிரதிகளை அறுபது நாள் ஸ்டீல் டிராயரில் வைத்திருப்போம். பிறகு கிழிக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும். மார்ச் கட்டை எடுத்து அவள் கடிதத்தைத் தேடினேன். மூன்று பக்கத்தில் ஒரு கால்புள்ளிகூட இடறவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவள் கடைசி வரியில் மட்டும் தடுக்கி விழுவாளா என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

நான் அடித்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதத்தான் வேண்டும்.

ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். அடித்தேன்.

குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கதவில் சாய்ந்து நின்றபடி தூக்கம். அடித்தேன். ஓரத்தில் ‘கூறியது கூறல்’ என்று பென்சிலில் குறிப்பு வேறு.

மகள் ஏதோ கேட்டால், அவள் கேட்டு முடிப்பதற்குள் கண் செருகிவிடுகிறது. இதையும்.

இரண்டு ஷிப்ட், விடுமுறை இல்லை — அவற்றை மட்டும் விட்டுவைத்தேன். மேலே ‘களைப்பறியாதவர்’ என்று தலைப்பு. அவள் அலறியிருக்கிறாள். நான் அதைப் பாராட்டுப் பத்திரமாக மாற்றி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

விடுமுறை. பொது நூலகத்துக்குப் போனேன். அப்படி ஒரு சொல் உண்மையிலேயே கிடையாது என்று தெரிந்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று. இந்த வயதில் எவ்வளவு அற்பமான ஆசை.

பெரிய அகராதியில் டயர்ட் என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில், ‘சில சமயம் எஸ்ட் விகுதியும் பெறும்’ என்று போட்டிருக்கிறது. சில சமயம். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை. இலக்கணப் புத்தகம் என் பக்கம்தான் பேசுகிறது: இந்த வகைச் சொற்களுக்கு ‘மோஸ்ட்’ சேர்ப்பதே வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறது. சட்டம் என்று சொல்லவில்லை.

பிறகு கதைகளிலும் பழைய பேப்பர்களிலும் தேடினேன். மூன்று மணி நேரத்தில் நாலு இடம் கிடைத்தது. ஒரு பண்ணைக்காரி தங்கைக்கு எழுதும் கடிதத்தில். போரிலிருந்து திரும்புகிறவன் பேச்சில். ஆறு பிள்ளை பெற்றவள் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்கும் இடத்தில். இன்னொன்று ஒரு குதிரையைப் பற்றி. அறிக்கைகளில், தலையங்கங்களில், யாரோ எட்ட நின்று எழுதும் எழுத்தில் ஒரு இடத்திலும் அந்தச் சொல் இல்லை. எட்ட நிற்கிறவர்கள் ‘மோஸ்ட் டயர்ட்’ என்கிறார்கள். வரிசையில் நிறுத்தி அளந்து பார்த்து, முதலிடம் இவருக்கு என்கிற மாதிரி. பக்கத்திலேயே இருந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் அந்த ‘எஸ்ட்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

தமிழில் நமக்கு இப்படி ஒரு விகுதியே கிடையாது. ரொம்ப என்போம், ரொம்ம்ப என்று இழுப்போம், எல்லாரையும் விட என்போம். அவளும் இழுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எங்கள் விளம்பரப் பக்கத்தில் தினமும் மலிவிலும் மலிவு, பெரிதிலும் பெரிது. அந்த ‘எஸ்ட்’டில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

ஏப்ரல் 16, புதன்

பஸ் கம்பெனியின் அறிக்கை வந்திருக்கிறது. விபத்துக்குக் காரணம் டிரைவரின் கவனக்குறைவாம். வேலை நீக்கம். அதிக வேலை வாங்கினோம் என்பது அபாண்டம். ‘அவர் களைப்பே அறியாதவர் என்று அவர் மனைவியே பத்திரிகையில் எழுதியிருக்கிறார்’ — எங்கள் பேப்பர், எங்கள் தேதி, என் தலைப்பு. மார்ச்சில் அதை டெப்போவில் ஒட்டிப் பாராட்டி, ‘அவரது ஆர்வத்தை மதித்து’ அதே ரூட்டின் விடியற்காலை முதல் டிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். பெருமையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் அன்றைக்கு அவள் போன் செய்தாள். வெச்சிடட்டுமா என்றேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை மே 13.

ஏப்ரல் 17, வியாழன்

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க வேணும்னு பண்ணலையே?”

“இல்ல சார்.”

“அப்ப விடுங்க. ஒரு மாசம் ஆயிடுச்சு. இப்ப திருத்தம் போட்டா நாமளா போய் வம்புல மாட்டிக்கிற மாதிரி. அவங்க நமக்கு விளம்பரம் வேற தர்றாங்க.”

“சார், அந்தம்மா எழுதினது வேற...”

“இலக்கணப்படி நீங்க செஞ்சது சரிதானே?”

நூலகத்தில் பார்த்தது எல்லாம் நுனி நாக்கில் இருந்தது. “ஆமா சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 24, வியாழன்

இன்றும் ஒன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மார்ச் கட்டு மே 5 அன்று இயந்திரத்துக்குப் போகிறது. நான் சும்மா இருந்தாலே போதும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. இந்த நினைப்பு வந்ததும் ஒரு நிம்மதி வந்தது பார், அதுதான் இந்த மாதம் முழுக்க நான் செய்ததிலேயே கேவலம்.

மே 2, வெள்ளி

கடிதத்தை எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசிகூடக் கொண்டுவந்ததில்லை. பகல் இடைவேளையில் நேராக ஆஸ்பத்திரி.

எலும்புப் பிரிவு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. கடிதத்தை நீட்டினேன். தன் கையெழுத்தையே முன்பின் பார்க்காதவள் போலப் புரட்டினாள்.

“இவ்வளவையுமா அடிச்சீங்க?”

“ஆமா.”

“இதை நாலு ராத்திரி எழுதினேன் மேடம். புகார்னு எழுதினா அவருக்கு வேலை போயிடும். அதான் புகழ்ற மாதிரியே எழுதுவோம், படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்கன்னு.” சிரித்தாள். சிரிப்பா அது. “முதல்ல படிச்சது நீங்கதான்.”

பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசை வேலையாம். அங்கே கிடக்கும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்தே பாஷை பிடிபட்டதாம். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன், ஏன் அந்தச் சொல்லை எழுதினாள் என்று.

“மோஸ்ட் டயர்ட்னு எழுதிப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்ல. யாரோ மாதிரி இருந்துச்சு.”

மூன்று மணி நேரம் நூலகத்தில் தேடி நான் கண்டுபிடித்தது இவளுக்கு எழுதும்போதே தெரிந்திருக்கிறது.

விசாரணைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். “வாங்க” என்றாள். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வார்டுக்குள் போகும்போது கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு போனாள்.

மே 12, திங்கள்

நாளை லீவு என்று ஆசிரியரிடம் சொன்னேன், காரணத்தோடு. “யோசிச்சுக்கோங்க” என்றார். யோசித்துத்தான் ஒரு மாதம் போனது என்றேன்.

மே 13, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகத்து மாடி அறை. நீள மேசை, ஒரு ஓரத்தில் பழைய கோப்புகள். டிரைவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒல்லியான மனிதர், சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். பல் போன அந்த அம்மாவும் வந்திருந்தார், கையில் கட்டோடு, வாயைக் கைக்குட்டையால் மூடியபடி.

கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“நீங்க எத்தனை வருஷமா இங்கிலீஷ் திருத்துறீங்க?”

“இருபத்திரண்டு வருஷம்.”

“இந்த ‘டயர்டெஸ்ட்’ சரியான இங்கிலீஷா?”

“அபூர்வமான இங்கிலீஷ். தப்பான இங்கிலீஷ் இல்ல.”

“உங்க பேப்பர்ல இதுக்கு முன்னாடி வந்திருக்கா?”

“எழுதி வந்திருக்கலாம் சார். வந்திருந்தா நான் அடிச்சிருப்பேன்.”

யாரோ சிரித்தார்கள். விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. மூலக் கடிதத்தை, அடித்த வரிகளையும் சேர்த்து, படிக்கச் சொன்னார். என் பென்சில் கோட்டுக்குக் கீழே இருந்ததை நானே உரக்கப் படித்தேன். ஷூ லேஸ் வரி வந்தபோது டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதையெல்லாமா எழுதினே என்கிற மாதிரி. வெட்கம்கூட இருந்தது அந்தப் பார்வையில்.

முடித்ததும் வக்கீல் எழுந்தார். “அப்ப, இவ்வளவு களைப்புன்னு தெரிஞ்சும் இவர் வண்டி எடுத்திருக்கார். அதைத்தானே இந்தக் கடிதம் சொல்லுது?”

இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை. உண்மையைச் சொல்ல வந்து இந்த மனுஷனை இன்னும் ஆழமாகக் குழியில் தள்ளிவிட்டேனா?

பதில் சொன்னது டிரைவர்தான். “ஆமா சார், தெரிஞ்சுதான் எடுத்தேன். முடியலைன்னு மூணு தடவை சொன்னேன். நோட்டீஸ் போர்டைக் காட்டி, உங்க வீட்லயே இப்படிச் சொல்றாங்களேன்னாங்க. அப்புறம் என்னன்னு சொல்றது?” பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு நடந்ததுக்கு நான்தான் காரணம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

அந்த அம்மா கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

அதிகாரி பணிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

மே 14, புதன்

வாசகர் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வானிலையும் ரயில் நேர மாற்றமும் இனி என் பொறுப்பு. கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது. அதற்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

மே 28, புதன்

தீர்ப்பு. பதிவேட்டில் ஏப்ரல் 3 வரைக்கும் பத்தொன்பது நாள் தொடர்ச்சியாக இரட்டை ஷிப்ட். பிரதான பொறுப்பு கம்பெனியுடையது. வேலை நீக்கம் செல்லாது. இனி யாருக்கும் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் தரக் கூடாது. ஆனால் களைப்பு தெரிந்தும் ஓட்டியதற்காக ஆர்.டி.ஓ. மூலம் ஒரு வருடம் லைசென்ஸ் ரத்து. அதுவரை டெப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

கடிதம் இல்லாமல் வேலை மீண்டிருக்காது. அதே கடிதத்தால்தான் லைசென்ஸும் போனது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் நிற்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாலே வரியில் திருத்தம் வந்திருக்கிறது. ஆசிரியர் கடைசியில் ஒப்புக்கொண்டார். என்னையே எழுதச் சொன்னார். பக்கம் வடிவமைப்பவர் நேற்று இன்டர்காமில், “அக்கா, ஒரு வார்த்தைக்குக் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடுதே” என்றார். போட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் முழுக் கடிதமும் வரவேண்டும் என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள்.

ஜூன் 19, வியாழன்

எங்கும் மழை. என் வானிலைப் பக்கத்தில் மட்டும் சொன்னபடி வறண்ட வானம்.

ஆகஸ்ட் 6, புதன்

மூன்று மாதமாக இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்தும் வாசகர் பக்கம் தேறவில்லை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அர்த்தம் மாறுகிற எந்தத் திருத்தத்துக்கும் முன் எழுதியவரிடம் ஒரு போன். நானாக வைத்துக்கொண்ட வேலை. நேரம் பிடிக்கிறது. கத்தரி மழுங்கிவிட்டது என்கிறார்கள்.

இன்றைய தபாலில் அவள் கையெழுத்து. கவரைப் பிரிக்க எனக்குக் கால் மணி நேரமானது. ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ — பல் போன அந்த அம்மாவைப் பற்றி. பல் கட்டுவதற்கு இவள் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே வந்திருக்கிறார், இவள் யாரென்று தெரிந்தே. வாராவாரம் முன்மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசுவாராம். ஒன்றரைப் பக்கம். கடைசி வரி: எங்களை அவர் மன்னித்துவிட்டார் — கால்புள்ளி — ஏறக்குறைய.

அந்தக் கால்புள்ளி அங்கே தேவையில்லை. எடுத்தால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போன் செய்தேன். காலை பதினோரு மணி.

“ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியில ஒரு கால்புள்ளி இருக்கே, அது வேணும்னே போட்டதா?”

“ஆமா மேடம். வேணும்னேதான்.”

“சரி. அப்படியே போகும்.”

அவள் குரல் மிகவும் சன்னமாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல. இன்னிக்கு அவருக்கு வார லீவு. தூங்கிட்டிருக்கார்.”

“எழுந்துடப் போறார், வெச்சிடுங்க” என்றேன், கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே, நானும் மெதுவாக.